உறவு: ஆம் / இல்லை

"உறவா, இல்லையா?" என்று அரசு உதவி ஆபீஸ் கவுண்டருக்குப் பின்னாலிருந்து கேட்டாள் நொயலீன்.

மரேத்தா நெளிந்தாள். வாடகை உதவிப் படிவத்தில் மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தாள். "வீட்டு உரிமையாளர் உங்களுக்கு என்ன உறவு?" என்ற இடத்தில் மட்டும் கொட்டை எழுத்தில் 'அத்தை' என்று போட்டுவிட்டாள்.

"அத்தைன்னா, அப்பா கூடப் பிறந்தவங்களா?"

"ஐயோ, இல்ல."

"அம்மா வழியில?"

"எந்த வழியிலயும் இல்ல. அவங்க ஃபிலோ அத்தை. இந்த ஊர்ல இருக்கிற எங்க சமோவாக்காரங்க எல்லாருக்கும் அத்தை."

"அப்ப 'உறவில்லை'ன்னு மாத்திடுங்களேன்."

மரேத்தா பேனாவை எடுத்தாள். வைத்தாள். "வீட்டுக்காரங்க கையெழுத்தும் இதே பக்கத்துலதானே? அவங்க பார்த்தா மனசு ஒடஞ்சு போயிடும். என் மூணு பிரசவத்துக்கும் வாசல்ல உட்கார்ந்து ஜெபம் பண்ணவங்க."

நொயலீன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அவளுக்கு எரிச்சல் வரவில்லை, ஆர்வம்தான் வந்தது. நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"உறவுன்னா தப்பில்ல. ஆனா விசாரணை உண்டு. ரெண்டு மாசம் ஆகும்."

அங்கேதான் சிக்கல். வீட்டுக் கடன் தவணை கூடிவிட்டதால் முதல் தேதியிலிருந்து அத்தை வாடகையை ஏற்றியே ஆக வேண்டும். கணவன் வேலை பார்த்த இறைச்சித் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். முதியோர் இல்லத்தில் துணி துவைத்து மரேத்தா கொண்டுவரும் சம்பளம் எட்டாது. உதவி வராவிட்டால் பிள்ளைகளோடு மைத்துனன் வீட்டுக் கார் ஷெட்டில் போய்ப் படுக்க வேண்டியதுதான்.

"அவங்களே ஒரு கடிதம் கொடுக்கட்டும். நான் பார்த்துக்கறேன்," என்றாள் நொயலீன்.

ஃபிலோ அத்தை அடுப்பில் கோழி சூப்பைக் கிண்டியபடியே கேட்டாள். "நீ எனக்கு யாரோன்னு நான் எழுதணுமா? எந்தக் கையால எழுதுவேன்?"

"யாரோன்னு வேணாம் அத்தை. வாடகைக்கு இருக்கேன்னு எழுதினா போதும்."

அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினாள். மரேத்தா பிரித்துக்கூடப் பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நொயலீன் வாய்விட்டுப் படித்தாள். "'மரேத்தா என் வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். என் தங்க மகள்.' மரேத்தா, போன வாரம் அத்தை, இந்த வாரம் அம்மாவா?"

"சின்னவங்க எல்லாரும் அவங்களுக்கு மகள்தான்."

"வெளியாள் யாராவது எழுதித் தந்தா?"

வெளியாள் என்றால் பாதிரியார்தான். அவரும் மறுநாளே எழுதித் தந்தார்: "இவ்விருவரும் பன்னிரண்டு ஆண்டுகளாக எங்கள் குடும்பத்தினர்."

"பாதிரியாரும் சொந்தமா?" நொயலீன் தலையில் கை வைத்துக்கொண்டாள். "கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. சொந்தமே இல்லாதவங்களை உங்க ஊர்ல என்னன்னுதான் சொல்லுவீங்க?"

மரேத்தா விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"டூரிஸ்ட்."

கடைசியில் வழி சொன்னது ஃபிலோ அத்தைதான். "எங்க அண்ணனைக் கூட்டிட்டுப் போ. அவர் வாயால சொல்லட்டும், யாரு சொந்தம், யாரு இல்லைன்னு."

அண்ணன் லௌலூ குடும்பத் தலைவர். ஒன்பது தலைமுறையை மனப்பாடமாக வைத்திருப்பவர். புதன்கிழமை காலையில் பூப்போட்ட சட்டையும் இடுப்புத்துணியுமாக ஆபீசுக்கு வந்து நின்றார்.

"வம்சாவளி என்ன, கவுண்டர்ல நின்னு ஒப்பிக்கிற சமாச்சாரமா?"

நொயலீன் ஓடிப்போய்த் தன் நாற்காலியையே கொண்டுவந்து போட்டாள். அவர் உட்கார்ந்தார். ஆரம்பித்தார்.

சஃபோத்து கிராமத்தில் தொடங்கி, கல்யாணங்கள், தத்தெடுத்த பிள்ளைகள், ஓடிப்போன ஒரு மாமா வரைக்கும் வந்தார். நொயலீன் கோடு போட்டு வரைந்துகொண்டே போனாள். மூன்று தாள் ஒட்டியாயிற்று. வரிசையில் நின்றவர்கள் டோக்கனை மறந்துவிட்டுச் சுற்றி வந்து நின்றார்கள். வாசலில் காவல் நிற்கும் ஆபீஸ் பையன் தவீட்டாவும் கதவை விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

"ஓடிப்போன மாமா என்ன ஆனார்?" என்றாள் நொயலீன்.

"அது படிவத்துல இருக்கா?"

"இல்ல. தெரிஞ்சுக்கத்தான்."

"டோங்காவுல செட்டிலாயிட்டான். நீ சொல்லும்மா இப்ப, உன் பக்கம்."

மரேத்தா தனக்குத் தெரிந்த பெயர்களைச் சொன்னாள். அப்பா, தாத்தா, ஃபலேயாலூப்போவில் பிறந்த கொள்ளுப்பாட்டி நோவேமா. லௌலூ கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் பொருத்திப் பார்த்தார். எங்குமே ஒட்டவில்லை.

"ஃபிலோவுக்கும் இவளுக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. நான் சொல்றேன்."

கூட்டம் கைதட்டியது. நொயலீன் 'உறவில்லை' என்ற கட்டத்தில் பெரிதாக டிக் போட்டுவிட்டு, பக்கத்தில் சின்னதாக 'ஆனால் அத்தை' என்றும் எழுதினாள், கையெழுத்துப் போடப்போகும் ஃபிலோ அத்தையின் மனம் நோகாமல் இருக்க.

"முடிஞ்சுது மரேத்தா, அத்தை வந்து கையெழுத்துப் போட்டதும் இன்னைக்கே அனுப்பிடறேன். கடைசியா ஒரு சம்பிரதாயக் கேள்வி. இந்த ஆபீஸ்ல வேலை பார்க்கறவங்க யாராவது உங்களுக்குச் சொந்தமா? இருந்தா ஃபைல் வேற ஆபீசுக்குப் போயிடும், முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"யாருமே இல்ல!" என்று சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தாள் மரேத்தா.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கண் கலங்க, இரண்டு கையையும் விரித்தபடி ஓடி வந்தான் தவீட்டா.

"அத்தை! நோவேமா எங்கப்பாவுக்கும் கொள்ளுப்பாட்டி!"