ராணியின் வலது கை

அவள் வரைந்த ராணியின் கை வாழைப்பழச் சீப்பு போல வந்துவிட்டது. மறுநாள் காலை படத்தை ஒப்படைக்க வேண்டும்.

"ஆறு விரல் இருக்குக்கா," என்றாள் தங்கை.

"உன்னை எண்ணச் சொன்னாங்களா? போய்ப் படி."

தோற்ற அரசன் மண்டியிட்டு வாளை நீட்டுகிறான். ராணி கை நீட்டி வாங்குகிறாள். எண்ணெய் வண்ணம் கற்க வருகிறவர்கள் முதல் வருட முடிவில் இந்தச் சரித்திரக் காட்சியைப் பார்த்து வரைந்தாக வேண்டும். மூலப்படம் எங்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வகுப்பில் தொங்குவது, மாஸ்டர் அதைப் பார்த்து வரைந்த பிரதி. "ஒரு புள்ளி மாத்தலை" என்பார். ராணிக்குப் பின்னால் தொங்கும் சிவப்புத் திரையின் மடிப்புகளில்தான் மூல ஓவியரின் மேதைமையே இருக்கிறது என்று ஒரு வகுப்பு முழுக்கப் பேசுவார். யாரும் கொட்டாவி விடக் கூடாது.

தேறினால் அடுத்த வருடம் சொந்தப் படம். தையல் மெஷினில் குனிந்திருக்கும் அம்மாவை வரையத்தான் அவள் வகுப்பில் சேர்ந்ததே. ராஜா ராணி யாருக்கு வேண்டும்? தேறாவிட்டால் மறுபடியும் ஆப்பிள் வரைய வேண்டும். ஒரு வருடம் முழுக்க ஆப்பிள்.

டர்பன்டைனில் துணியை நனைத்து விரல்களைத் துடைத்தாள். விரலோடு முழங்கை வரை போனது. வாள் அந்தரத்தில் நின்றது.

"மேல ஒரு சால்வையப் போட்டு விடேன்," என்றாள் அம்மா, மெஷினை மிதித்தபடியே. அம்மாவுக்கு எந்தக் குறைக்கும் துணிதான் மருந்து.

போட்டாள். ராணி எலும்பு முறிந்து கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவளைப் போலிருந்தாள்.

மாஸ்டர் மெச்சும் அதே திரையைக் கொஞ்சம் முன்னால் இழுத்தாள். சால்வை மறைந்தது. வாளும் மறைந்தது.

"இந்த ஆளு எதுக்குடி திரைகிட்ட மன்னிப்புக் கேக்கறான்?"

"அம்மா, நீ தைக்கிற வேலையப் பாரு."

ஈரச் சிவப்பு ராணியின் கன்னத்தில் ஏறியிருந்தது. துடைத்தாள், மூக்கு போனது. திரை இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. கடைசியில் ராணி என்று மிஞ்சியது மேலே கிரீடத்தின் நுனியும் கீழே ஒரு செருப்பும்தான்.

"துணிக்கடை விளம்பரம் மாதிரி சூப்பரா இருக்குக்கா," என்றாள் தங்கை. அவள் இன்னும் படிக்கப் போகவில்லை.

மறுநாள் மாஸ்டர் படத்தைத் தன் பிரதிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ராணி எங்கம்மா?"

"உள்ள இருக்காங்க சார்."

"உள்ளேன்னா?"

"திரைக்கு அந்தப் பக்கம்."

"ஏன்?"

"கை வரலை சார். அதான் மறைச்சிட்டேன்."

வகுப்பே தூரிகையைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தது. அவள் தலை குனியவில்லை. வராததை வரவில்லை என்றுதானே சொல்ல முடியும்?

"வரலைன்னா திரை போட்டு மறைப்பியா? இது கலை இல்லம்மா, மோசடி! ஒரு மேதையோட படத்துல கை வைக்க நீ யாரு? போ, போய் ஆப்பிள் எடு!"

சாப்பாட்டுக் கூடையோடு அப்போதுதான் உள்ளே வந்த மாஸ்டரின் மனைவி இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புள்ளைய ஏங்க இப்படித் திட்டறீங்க?" என்றார். "அசல் படத்துல ராணிக்குப் பின்னால நின்ன குதிரைக்குக் கால் வரலைன்னுதானே நீங்களும் அங்க திரையே போட்டீங்க?"