வழிவிடும் வண்டி

நாற்சந்தியில் தையல்காரரின் வண்டி நின்று ஏழு நிமிடம் ஆகிவிட்டது. மற்ற மூன்று பக்கமும் மூன்று வண்டிகள். எதிலும் ஓட்டுநர் கிடையாது. யார் முதலில் போவது என்று வண்டிகளே தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளும். இன்று நான்கும் நல்ல குடும்பத்துப் பிள்ளைகளாக ஒன்றுக்கொன்று வழிவிட்டுக்கொண்டே நின்றன.

பதினொரு மணிக்கு மின்மயானத்தில் அவருடைய அண்ணனை உள்ளே தள்ளிவிடுவார்கள். அதற்குள் முகத்தைப் பார்த்தாக வேண்டும். எட்டு வருடமாகப் பேச்சில்லை. தம்பி தைத்த சட்டையின் கையை அண்ணன் வேறொரு தையல்காரரிடம் கொடுத்துத் திருத்திக்கொண்டார், அவ்வளவுதான். அவரே முதலில் பேசட்டும் என்று இருவருமே இருந்துவிட்டார்கள்.

வாடகை வண்டியைப் பிடித்துக் கொடுத்த மகளுக்குப் போன் செய்தார். அவசரம் என்று வண்டியிடம் சொன்னால் போதும், மற்றவை ஒதுங்கிவிடும் என்றாள் அவள்.

சொன்னார். என்ன அவசரம் என்று கேட்டது வண்டி. செத்தவருக்காக யார் ஒதுங்குவார்கள் என்று நினைத்து, "நெஞ்சுவலி" என்று ஒரு போடு போட்டார்.

சாலையே ஒதுங்கி வழிவிட்டது. வண்டி பறந்தது, வந்த வழியே திரும்பி. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பேர் தள்ளுகட்டிலோடு தயாராக நின்றார்கள். வலியே இல்லை என்று அவர் சொல்லச் சொல்ல, எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று சட்டைப் பொத்தானைக் கழற்றினார்கள். இதயத்தில் கோளாறில்லை என்று சீட்டு வாங்கி அவர் வெளியே வரும்போது மணி பத்து நாற்பது.

இனிப் பொய் வேண்டாம் என்று முடிவு செய்து, காத்திருந்த வண்டியில் ஏறினார்.

"எங்க அண்ணன் செத்துட்டாரு. அவரைப் பார்க்கப் போறேன். சீக்கிரம் போ."

வண்டி வருத்தம் தெரிவித்தது. அதோடு விட்டிருக்கலாம். சுற்றியிருந்த வண்டிகளுக்கெல்லாம் துக்கச் செய்தியைச் சொல்லிவிட்டது. இறுதி ஊர்வலம் நடைவேகத்தில்தான் போக வேண்டும், அதை யாரும் முந்தக் கூடாது என்பது வண்டிகளுக்குள் சட்டம். தையல்காரர் இருந்த இடத்திலேயே ஊர்வலத்துக்குத் தலைவராகிவிட்டார்.

அலுவலகம் போகிறவர்கள், முட்டை லாரி, மணப்பெண்ணை அலங்கரிக்கப் போன இரண்டு பெண்கள் என்று நாற்பது வண்டிகள் அவர் பின்னால் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. சைக்கிள்காரர் ஒருவர் அவரைத் தாண்டிப் போனார்.

"வேகமாப் போயேன்" என்று கெஞ்சினார்.

"ஊர்வலத்தில் வேகம் கூடாது, ஐயா."

இறங்கி ஓடுங்கள் அப்பா என்றாள் மகள் போனில். ஓடுகிற வண்டியில் கதவு திறக்காது. இதையெல்லாம் ஓட்டம் என்று வேறு சொல்கிறார்கள்.

மணி பதினொன்று அடித்தது. தையல்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எட்டு வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், தானே போன் செய்திருக்கலாம். கையைத்தானே திருத்தினார், கழுத்தையா அறுத்தார்?

மின்மயானத்தைச் சேரும்போது பதினொன்றே முக்கால். தட்டுத்தடுமாறி வாயில்காவலரிடம் ஓடி அண்ணன் பெயரைச் சொன்னார்.

"எல்லாம் முடிஞ்சிருச்சா?"

காவலர் பதிவேட்டைப் பார்த்தார். பிறகு தலையை நீட்டிச் சாலையைப் பார்த்தார்.

"இன்னும் உள்ளயே வரலையே சார். ஊர்வலத்தை முந்தக் கூடாதுன்னு உங்க அண்ணன் உங்க பின்னாலயேதான் வந்துட்டிருக்காரு, கடைசி வண்டியில."