மூன்று முட்டையும் ஒரு கதவும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நானும் என் முழங்கால் வலியும் இங்கே நலம். உங்கள் நலமும் சம்பந்தியம்மாள் நலமும் அறிய ஆவல். பெண்ணைக் கொடுத்தவர் என்ற முறையில் உங்கள்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. பெண்ணோடு கோடரியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

தீயணைப்புப் படையில் வேலை பார்க்கும் பெண் மருமகளாக வருகிறாள் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டவன் நான். வேலையை வீட்டுக்கும் கொண்டுவருவாள் என்று யார் கண்டது? வாசற்கதவு ஓரம் ஒரு பலகை, அதில் மூன்று ஆணி, மூன்று தகர வில்லை. அவளுக்கொன்று, என் மகனுக்கொன்று, எனக்கொன்று. வீட்டில் இருந்தால் பச்சைப் பக்கம் தெரிய வேண்டும், வெளியே போனால் சிவப்பாகத் திருப்ப வேண்டும். எரிகிற கட்டடத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிய அவர்கள் நிலையத்தில் இப்படித்தான் செய்வார்களாம். முப்பத்திரண்டு வருடம் தலைமையாசிரியனாக ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வருகைப்பதிவு எடுத்தவன், இந்த வயதில் ஒரு ஆணியிடம் ஆஜர் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை பூங்காவுக்குச் சதுரங்கம் ஆடப் போனேன். அவசரத்தில் வில்லையைத் திருப்ப மறந்துவிட்டது. அடுப்பில் அப்போது மூன்று முட்டை வெந்துகொண்டிருந்தன, யார் வைத்தார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. தண்ணீர் வற்றி, முட்டை ஒவ்வொன்றாக வெடித்து, பாத்திரம் கருகி, பக்கத்தில் கிடந்த கைத்துணி பற்றிக்கொண்டு, ஜன்னல் வழியே புகை கிளம்பியதும் மாடிவீட்டுத் தையற்காரர் போன் போட்டுவிட்டார். வந்த வண்டியில் உங்கள் அருமைப் புதல்வி. பலகையைப் பார்த்திருக்கிறாள், என் வில்லை பச்சை. என் அறையோ பூட்டியிருக்கிறது. பூட்டிச் சாவியை எடுத்துப்போவது என் வழக்கம், அதற்கு எனக்குக் காரணம் உண்டு. கோடரியால் நாலே போடு, கதவு விறகாகிவிட்டது. சர்க்கரைக்காரனான நான் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்திருந்த பிஸ்கட் டப்பா நான்கு தீயணைப்பு வீரர்கள் முன்னிலையில் அம்பலமானது. அதுதான் காரணம்.

நான் திரும்பிவந்தால் தெரு முழுக்கக் கூட்டம். என்ன விஷயம் என்று ஒருவரைக் கேட்டேன். "உள்ள ஒரு பெரியவர் மாட்டிக்கிட்டாராம்"னார். எந்த வீடென்று தெரியாமல் "அடப்பாவமே" என்று நானும் சேர்ந்து உச்சுக்கொட்டினேன். கூட்டம் விலகியது. கரிபிடித்த முகத்தோடு அவள் வெளியே வந்தாள். சதுரங்கப் பெட்டியும் கையுமாக நின்ற என்னைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வில்லையத் திருப்பிட்டுப் போக என்ன மாமா கஷ்டம்? ரெண்டு தடவ உள்ள போய்த் தேடினேன். கட்டிலுக்கடியில, பீரோவுக்குள்ள..."

"பீரோவுக்குள்ள நான் எதுக்கும்மா போறேன்?"

"பயந்தவங்க அங்கதான் போய் ஒளிவாங்க."

தலைமையாசிரியனை நடுத்தெருவில் நிற்கவைத்துக் கேட்ட கேள்வி. மூன்று நாளாக அவளோடு நான் பேசவில்லை. மகனிடம் முறையிட்டால், "திருப்பிட்டுப் போயிருக்கலாம்லப்பா" என்கிறான், அவன் எப்போதோ அந்தப் பக்கம் சாய்ந்தாயிற்று. பெட்டி கட்டிவைத்துவிட்டேன். நீங்கள் வந்து அவளை மன்னிப்புக் கேட்கச் சொன்னால் இங்கே இருப்பேன், இல்லாவிட்டால் அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் என் தங்கை வீட்டுக்குப் போகிறேன், அப்புறம் இந்தப் படி ஏறமாட்டேன்.

நீங்கள் தம்பதி சமேதராக நோயின்றி, நெருப்பின்றி நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
கதவிழந்த சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில், அவளோடு வேலை செய்யும் வண்டி ஓட்டுநர் புதுக்கதவு மாட்ட வந்தார். அவர் சொல்லித்தான் தெரியும். அடுப்பை அணைக்காமல் போனது யார் என்று அதிகாரி கேட்டதற்கு, "நான்தான் சார், மறந்துட்டேன்" என்றாளாம். அடுப்பை அணையுங்கள் என்று ஊருக்கே பாடம் எடுப்பவளுக்கு நிலையத்தில் இப்போது 'முட்டை' என்று பெயர். சம்பந்தி, முட்டையை வைத்தது நான். முகமூடி மாட்டக்கூட நிற்காமல் உள்ளே ஓடினாளாம், வலது கையெல்லாம் கொப்புளம். மூன்று நாளும் அந்தக் கையால்தான் எனக்குச் சாப்பாடு போட்டிருக்கிறாள். முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த நான் அதைப் பார்க்கவில்லை.

பெட்டியை அவிழ்த்துவிட்டேன். மேலே உள்ளதை நான் எழுதவுமில்லை, நீங்கள் படிக்கவுமில்லை. கிழித்துப் போட்டால் குப்பைக்கூடையில் அவள் கண்ணில் படும். எரிக்கலாமென்றால், இந்த வீட்டில் தீக்குச்சி கிழிக்க எனக்குத் தடை. ஆகவே உங்களுக்கே அனுப்புகிறேன், நீங்கள் எரித்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே நிலையத்துக்குப் போகிறேன், அந்தப் பெயர் உரியவனிடம் வந்துசேர வேண்டாமா? வில்லையைத் திருப்பிவிட்டேன், ரெண்டு தடவை பார்த்தாயிற்று.