கொல்லையில் கிடைத்த மேற்படி முட்டை

தனக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதை அரியலூர் சிங்காரவேலு ஐம்பத்திரண்டாவது வயதில், செல்போனில் ஒரு டாக்டர் பேசியதைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். சர்க்கரைவள்ளிக் கிழங்கை எண்ணெய் இல்லாமல், ஓவனில் இருநூறு டிகிரியில் நாற்பது நிமிஷம் வாட்டித் தின்பவனை எந்த நோயும் அண்டாது என்றார் டாக்டர். மறுவாரம் வீட்டுக்கு ஓவன் வந்தது. அதைப் பார்த்து அந்தத் தெருவில் இன்னும் எட்டு வீட்டுக்கு ஓவன் வந்தது.

வாட்டும் பொறுப்பு மட்டும் மனைவி அமிர்தவல்லிக்கு வந்தது. நாற்பது நிமிஷத்தில் ஒரு நிமிஷம் குறைக்கவும் சிங்காரவேலு சம்மதிக்கவில்லை. முதல் கிழங்கு கரிக்கட்டையாக வெளியே வந்தது. தட்டினால் டொக் என்றது. அதைக் கொல்லைப் பக்கம் வீசிவிட்டு அவருக்கு நாலு இட்லி ஊற்றிக் கொடுத்தாள்.

விழுந்த இடம்தான் வம்பு. தையல் மெஷின் போட ஓர் அறை வேண்டும் என்று பத்து வருஷம் நச்சரித்து, இப்போதுதான் பின்சுவரை ஒட்டி அஸ்திவாரக் குழி தோண்டியிருந்தாள். அதற்குள்தான் கிழங்கு கிடந்தது. மழைக்கு முன்னால் குழியை மூடாவிட்டால் சுவர் உட்கார்ந்துவிடும் என்று கொத்தனார் சொல்லியிருந்தார்.

கட்டட அனுமதிக்காக அளந்து பார்க்க வந்த அதிகாரி ராஜராஜன் குழிக்குள் எட்டிப் பார்த்தார். அந்த ஊர் மண்ணைக் கிளறினால் கல்லாகிப்போன கடல் சிப்பி வரும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அவர் பயபக்தியோடு செருப்பைக் கழற்றினார்.

"அசையாதீங்கம்மா. டைனோசர் முட்டை."

"சார், அது கிழங்கு சார். நான்தான் கருக்கிட்டேன்."

"கிழங்குன்னு சர்டிபிகேட் இருக்கா?"

"கிழங்குக்கு யாரு சார் குடுப்பாங்க? அரும்பாவூர்க் கிழங்குன்னு சந்தையில சொன்னாங்க, வாங்கினேன்."

"அரும்பாவூர் பெரம்பலூர் மாவட்டம். விளைஞ்சது அங்க, கருகினது இங்க. கிழங்குன்னு சொல்லணும்னா ரெண்டு மாவட்டமும் கையெழுத்துப் போடணும். முட்டைக்கு என் ஒரு கையெழுத்து போதும்."

போட்டார். பொதுமக்கள் நலன் கருதி, மேற்படி முட்டையைச் சுற்றி அன்றே முள்வேலி எழுந்தது. பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "என்னக்கா, அடைகாக்க உக்காரலையா?" என்று கேட்டாள்.

அமிர்தவல்லி ஒரு வாரம் ஆபீசுக்கு நடந்து, கண்ணெதிரே கருக்கிக் காட்டுகிறேன் என்று மனுக் கொடுத்தாள். மனு ஏற்கப்பட்டது. ராஜராஜன் அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மூன்று கிழங்கு, இருநூறு டிகிரி, நாற்பது நிமிஷம். மூன்றும் கறுப்பு. தட்டினார், டொக். நீளம் அளந்தார், குழியில் கிடந்ததும் இவையும் அச்சு அசல்.

"பாத்தீங்களா சார்! ஒரே மாதிரி இருக்குல்ல?"

"இருக்கும்மா. அதான் சிக்கல். ஒண்ணு கிடைச்சா முட்டை. நாலு கிடைச்சா கூடு." வேலியை அடுப்படி வரைக்கும் நீட்டக் குறிப்பு எழுதினார்.

"சாருக்கு ஒரு காபி குடு," என்றார் சிங்காரவேலு. "சர்க்கரை வேணாம்."

"தெரு பூரா கூடு இருக்கலாம்," என்றார் ராஜராஜன். "நாளைக்குக் காலையில எல்லார் கொல்லையையும் பாக்கப்போறேன். எங்க அதிகமோ அங்க நிரந்தர வேலி. மத்தவங்களை விட்டுடலாம்."

அப்போது அவர் போன் அடித்தது. பேசிக்கொண்டே கொல்லைப் பக்கம் போனார். காபியோடு பின்னால் போன அமிர்தவல்லியின் காதில் எல்லாம் விழுந்தது.

"இன்னைக்கும் கருகிடுச்சா? டாக்டர் சொன்ன நாப்பது நிமிஷத்தைக் குறைக்காதன்னேன்ல, அது சரிதான்... அதைத் தூக்கிப் போடு. ஏய், நம்ம கொல்லையில மட்டும் போட்டுடாத!"

காபி குடித்துவிட்டு, நாளைய சோதனையைத் தெருவில் வாசல் வாசலாக அறிவித்தபடி அவர் கிளம்பினார். அமிர்தவல்லி வானத்தைப் பார்த்தாள், மேகம் திரண்டிருந்தது. சுவரைப் பார்த்தாள். பிறகு மூன்று கிழங்கையும் மடியில் கட்டிக்கொண்டு, ஒரு கல்லின் மேல் ஏறி, ரத்தினம்மாள் கொல்லையைக் குறிபார்த்துக் கையை ஓங்கினாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ரத்தினம்மாள், கையில் கறுப்பாக ஒன்றை ஓங்கியபடி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அடுத்தடுத்த மதில்களுக்கு மேலேயும் கைகள் தெரிந்தன. எட்டு வீட்டுக் கைகள்.