பினாங்குச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தவர்

வளைகுடாவில் மலேசியாவின் பினாங்குத் தீவைப் பற்றி அதிகம் பேசிய மனிதர் பினாங்கைப் பார்த்ததே இல்லை. சுற்றுலாத் துறையினர், விமான கம்பெனிக்காரர்கள், கோட்டு போட்ட ஏஜெண்டுகள் என்று எத்தனையோ பேர் அந்த ஊரை விற்க துபாய்க்கு வந்து போகிறார்கள். அவர்கள் எல்லோரையும் ஒரு தட்டில் வைத்து, அல் குசைஸில் எங்கள் கம்பெனியில் பெயிண்டராக இருந்த அண்ணனை மறு தட்டில் வைத்தால், அண்ணன் தட்டுதான் தரையில் இடிக்கும். கையில் பிரஷ்ஷும் பக்கெட்டும் வேறு இருக்குமே!

நாங்கள் கண்காட்சிக்கு ஸ்டால் கட்டும் கம்பெனி. இன்று டாக்டர்கள் மாநாடு, நாளை சிமெண்ட் கண்காட்சி, அடுத்த வாரம் சுற்றுலாச் சந்தை. மூன்று நாளில் ஒரு ஊரையே பலகையில் கட்டுவோம், நான்காம் நாள் சனம் வரும், அது போனதும் ஒரே மாலையில் பிரித்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவோம். எனக்கு ஆபீஸில் உட்கார்ந்து ஆட்களின் டூட்டி, லீவு, விசா பார்க்கும் வேலை. ஆகவே இந்த அண்ணனின் உண்மைப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி ஒருவரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தொழிலாளர் கேம்ப் சமையல்காரர் முதல் மேனேஜர் வரை அவர் 'பினாங்கு'தான்.

அந்தப் பட்டம் வந்த கதையை முதலில் சொல்ல வேண்டும்.

ஒரு சுற்றுலாச் சந்தையில் பினாங்குக்காரர்களின் ஸ்டாலைக் கட்டும் வேலை எங்களுக்கு வந்தது. தங்கள் ஊரில் கீழே கடையும் மேலே வீடுமாக நிற்கும் பழைய கடைவீடு ஒன்றின் பக்கச் சுவரைப் பலகையில் அப்படியே செய்து, பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பியிருந்தார்கள். நீலச் சுண்ணாம்பு உரிந்து, செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு, மழைத்தண்ணீர் இறங்கிய பாசிக் கறையோடு, பார்த்தால் நூறு வயது சொல்லலாம். அதுதான் அந்த ஸ்டாலின் உயிர்.

அண்ணன் அந்தப் பெட்டியைத் திறந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். பாதிப் பேர் ஜும்மாவுக்கும் மீதிப் பேர் சாப்பாட்டுக்கும் போயிருந்தார்கள். எங்கள் தொழிலில் பெயிண்டருக்கு ஒரே வேதம்தான். ஸ்டால் எடுத்த பார்ட்டி வந்து பார்ப்பதற்குள் ஒரு கீறல்கூடக் கண்ணில் படக் கூடாது. இருபது வருஷமாக அந்த வேதத்தை ஓதியவர் சுவரைப் பார்த்தார், நெஞ்சில் கை வைத்தார். கப்பலில் தண்ணீர் பட்டு எல்லாம் பாழாகிவிட்டது என்று முடிவு கட்டினார். பட்டி பூசினார், தேய்த்தார், பிரைமர் அடித்தார், மேலே இரண்டு கோட்டு நீலம் இழுத்தார். ஸ்டால் கட்டும் நாட்களில் ஹாலில் ஏசி ஓடாது. அந்த வெக்கையில் பெயிண்ட் அப்பளம் மாதிரிக் காய்ந்தது. சாயங்காலம் நான் போய்ப் பார்த்தபோது சுவர் புதுமாப்பிள்ளைபோல மின்னியது.

பினாங்கிலிருந்து வந்திருந்த பொறுப்பாளர் மலர் மேடம் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், பதற்றம் வந்தால் பேச்சின் வாலில் அந்த ஊர் 'லா' ஒட்டிக்கொள்ளும். ஸ்டாலுக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றார். பிறகு அருகிலிருந்த டூல் பாக்ஸ் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு செஞ்சது?"

"நான்தாம்மா" என்றார் அண்ணன், பாராட்டை வாங்கிக்கொள்ளும் முகத்தோடு. "ரொம்ப டேமேஜாகி வந்துருந்துச்சு. பார்ட்டி பாத்தா சங்கடப்படுவாய்ங்கன்னு நானே சரி பண்ணிப்புட்டேன்."

"அண்ணே, அத அப்படி ஆக்குறதுக்கு எங்க ஆர்ட்டிஸ்ட் மூணு வாரம் கஷ்டப்பட்டாரு லா!"

அண்ணன் முகத்தில் ரத்தம் வற்றியதை அன்று பார்த்தேன். வேலை போகும் என்ற பயம் அல்ல அது. ஒரு சுவரை வேண்டுமென்றே பழசாக்குவார்கள் என்ற செய்தி அவருடைய இருபது வருஷச் சர்வீஸை ஒரே உதையில் தள்ளிவிட்டிருந்தது. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு நிமிர்ந்து சொன்னார்.

"நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள கெடுத்துத் தந்துர்றேம்மா."

கெடுப்பதற்கு முன் அவர் கேட்ட கேள்விகள் இருக்கின்றனவே, வீடு வாங்க வந்தவன்கூடக் கேட்க மாட்டான். மழை எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும்? சைக்கிளை எந்த உயரத்தில் சாத்துவார்கள்? பூ விற்கிறவர்கள் கையை எங்கே துடைப்பார்கள்? மலர் மேடம் முதலில் எரிச்சலோடு பதில் சொன்னார், பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார், கடைசியில் ஒரு கட்டு விளம்பரப் புத்தகங்களை அவர் கையில் கொடுத்துவிட்டார். மறுநாள் காலையிலிருந்து அண்ணன் கம்பித் தூரிகையால் சுரண்டினார். பால் இல்லாத சுலைமானி டீயைப் பக்கெட்டில் காய்ச்சி வந்து, மழை அடிக்கும் பக்கமாக மேலிருந்து கீழே ஊற்றினார். மஞ்சள்தூளும் கரியும் எங்கே போயின என்று கேம்ப் சமையல்காரர் இன்றுவரை தேடுகிறார். சாயங்காலம் சுவர் பெட்டியில் வந்ததைவிட இருபது வயது மூத்திருந்தது.

சந்தை முடிந்து கிளம்பும்போது மலர் மேடம் விளையாட்டாக ஒரு வார்த்தை சொன்னார். "அண்ணே, இங்கேர்ந்து நாப்பது பேரு வர்ற மாதிரி ஒரு கான்ஃபரன்ஸ் புடிச்சிக் குடுங்க. உங்கள எங்க ஊருக்கு நான் கூப்பிட்டுக்கிறேன்."

அவர் சொன்னது வழியனுப்பும் பேச்சு. அண்ணன் வாங்கிக்கொண்டது ஒப்பந்தம்.

அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று. அவர் அறையில் கட்டில் தலைமாட்டில் பினாங்கு மேப். தலையணைக்கடியில் விளம்பரப் புத்தகங்கள். ஊரின் ஒரே தெருவில் அம்மன் கோயில், பள்ளிவாசல், சீனக் கோயில், சர்ச்சு எல்லாம் வரிசையாக இருப்பதையும், மலை ஏறும் ரயிலையும், தண்ணீருக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் சீனர் வீடுகளையும், நம் ஆட்கள் குழம்பைக் கலந்து ஊற்றும் நாசி கண்டார் சோற்றையும் நேரில் பார்த்ததுபோல் சொல்வார். ஆனால் ஸ்டால் கட்டுகிறவர் அல்லவா, ஒரு ஊரின் பெருமை அவருக்கு வேறு இடத்தில் இருந்தது.

"அந்த ஊரு மாநாட்டு ஹாலுக்குப் பின்னாடி லாரி நேரா உள்ள வருமாம் சார். கதவு என்ன ஒசரங்கிறீங்க! மாநாடு முடிஞ்சு வெளிய வந்தா பழைய டவுனு. இங்கிட்டு மீட்டிங்கு, அங்கிட்டு சரித்திரம். வேற எந்த ஊர்ல சார் இருக்கு?"

அவருடைய தாலுகாக்காரர்கள் அல் குசைஸில் ஒரு ஓட்டல் மாடியில் கூடி ஆண்டு விழாவைத் திட்டமிட்டபோது, அண்ணன் எழுந்து விழாவைப் பினாங்கில் வைக்கலாம் என்றார். பிரியாணியா, இலைச் சாப்பாடா என்ற சண்டையே இரண்டு மணி நேரமாக முடியாத கூட்டம் அது. தலைவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "அண்ணே, மொதல்ல உக்காருங்க. நாசியெல்லாம் அப்புறம் பாக்கலாம்" என்றார்.

புஜைராவில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸுக்குப் பெயிண்ட் அடிக்க அண்ணனை அனுப்பினோம். அடித்துவிட்டு வந்தார். மறுநாள் அவர்கள் போன் செய்து, வேலை சுத்தம், ஆனால் எங்கள் வருடாந்திரக் கூட்டத்தை எங்கே நடத்துவது என்று உங்கள் பெயிண்டர் ஏன் கவலைப்படுகிறார் என்று கேட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாநாட்டு ஹாலிலேயே கைவரிசையைக் காட்டினார். கீறல் சரிசெய்யும் சாக்கில் பிரஷ்ஷோடு நுழைந்து, கழுத்தில் அட்டை தொங்கும் பெரிய மனிதர்களிடம், "சார், அடுத்த வருஷம் எங்க வச்சிருக்கீங்க?" என்று ஆரம்பிப்பார். ஒரு அரபி விருந்தினரின் வெள்ளை உடையில் நீலப் புள்ளி விழுந்த அன்று, எங்கள் கண்ணூர்க்கார மேனேஜர் அவரை நிற்க வைத்துக் கேட்டார்.

"எந்தா இது? நீ பெயிண்டரோ, டிராவல் ஏஜெண்டோ?"

"ரெண்டும்தான் சார். டூட்டி டயத்துல பெயிண்டரு."

வார்னிங் லெட்டர் டைப் செய்தது நான்தான். அதை வாங்கி மடித்து, பினாங்கு மேப்புக்கு அடியில் செருகிவைத்தார்.

இப்படி நாலு வருஷம் ஓடியது. அவருக்கு அறுபது வயது நெருங்கியது. இந்த விசா முடிந்தால் புதுப்பிப்பதில்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. அந்தக் கடிதத்தையும் நானே கொடுக்க வேண்டியிருந்தது. வருத்தப்படுவார் என்று தயங்கிக்கொண்டே போனேன். அவர் வருத்தம் வேறாக இருந்தது.

"வேல போனாப் போகுது சார். ஊருக்குப் போயிட்டா நான் யாருகிட்ட மாநாடு பிடிக்கிறது? சிவகங்கைப் பக்கம் நடக்குற ஒரே மாநாடு கட்சி மாநாடு. அவய்ங்க மதுரையத் தாண்ட மாட்டாய்ங்க."

சிரித்தேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. "அந்தச் சொவத்த ஒருதரம் நெசமாப் பாத்துரணும் சார்" என்றார். கையிலிருந்த மாதங்கள் நாலு.

அப்போதுதான் கடவாய்ப்பல் வலி வந்தது. அவருக்கு அதுவரை நான் பார்த்த ஒரே அதிர்ஷ்டம் அதுதான்.

பல் டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி, கண்டிப்பானவர். துணைக்கு நான் போயிருந்தேன். வேர் சிகிச்சை, மூன்று தடவை வர வேண்டும் என்றார். சுவரில் ஒரு குழுப் படம் தொங்கியது. வளைகுடாவில் இருக்கும் தமிழ்ப் பல் டாக்டர்களின் ஆண்டுக் கூடல், செயலாளர் இந்த அம்மாதான். அண்ணன் கண் அதில் விழுந்ததும் வலி பறந்துபோனது.

"டாக்டரம்மா, இந்த மீட்டிங்கு வருஷா வருஷம் எங்க..."

"கதைக்காமல் வாயைத் திறவுங்கோ அண்ணை."

"இல்லம்மா, பினாங்குன்னு ஒரு..."

"ஊசி நாக்கில ஏறப்போகுது. பிறகு பினாங்கு எண்டும் சொல்லேலாது!"

இரண்டாம் தடவை புத்தகங்களோடு போனார். வாயைத் திறந்து வைத்தபடி, மார்பில் போர்த்திய துணிமேல் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்டினார். டாக்டர் பல்லைப் பார்ப்பதா, பக்கத்தைப் பார்ப்பதா என்று திணறினார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, மூன்றாம் தடவை டாக்டரே கேட்டார்.

"எங்கட ஆக்களும் அதே ஹோட்டல், அதே பஃபே எண்டு அலுத்துப் போச்சினம். அந்த ஹோல் நாப்பது, அம்பது பேருக்குக் காணுமோ?"

வாயில் பஞ்சு. அண்ணன் பத்து விரலையும் விரித்து நூறு தடவை காட்டினார். பஞ்சை எடுத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தைதான் எனக்கு அவர்மேல் மரியாதையை உண்டாக்கியது. வியாபாரம் படியும் நேரத்தில் எந்த ஏஜெண்டும் அதைச் சொல்லியிருக்க மாட்டான்.

"மழ பெய்யும்மா. இப்பவே சொல்லிப்புட்டேன். சொவத்துக்கு நல்லது, டாக்டர்மாருக்கு எப்படின்னு தெரியல."

நாற்பத்திரண்டு பல் டாக்டர்கள் பினாங்குக்குக் கிளம்பினார்கள். மலர் மேடத்துக்கு நான்தான் மெயில் அனுப்பினேன். நாலு வருஷத்துக்கு முன் விளையாட்டாகச் சொன்னது நினைவிருக்குமோ இருக்காதோ என்று பயந்துகொண்டே அனுப்பினேன். இரண்டாம் நாள் டிக்கெட் வந்தது. கூடவே ஒரு வரி: 'சுவத்தக் கெடுத்த அண்ணனக் கண்டிப்பா அனுப்பிடுங்க.'

விசா கேன்சலான கையோடு, கம்பெனி கொடுத்த ஊர் டிக்கெட்டை ஐந்து நாள் தள்ளிப் போட்டு, பினாங்கிலிருந்து வீடு திரும்புவதுபோல் மாற்றிக் கொடுத்தேன். வீட்டில் என்ன சொல்வார்களோ என்று எனக்குக் கவலை. என் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். அவர் மனைவியின் குரல் ஆபீஸ் முழுவதும் கேட்டது.

"இருவத்திநாலு வருசம் காத்தாச்சு, இன்னும் அஞ்சு நாளுதான? போயிட்டு வாங்க. ஆனா அங்கிட்டு எவன் வீட்டுக்காச்சும் பெயிண்ட் அடிச்சுக்கிட்டு நிக்காதீங்க!"

ஏர்போர்ட்டில் புதுச் சட்டை போட்டிருந்தார். நகக்கண்ணில் மட்டும் நீலம் இருந்தது.

மூன்றாம் நாள் பல் டாக்டர் ஒரு போட்டோ அனுப்பினார். மழை விட்டிருந்த ஒரு தெருமுனை. உரிந்த நீலச் சுவர். அதன் முன்னால் அண்ணன், ராணுவக்காரன்போல விறைப்பாக, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். என்ன இப்படி ஒரு போஸ் என்று யோசிப்பதற்குள் அவருடைய வாய்ஸ் மெசேஜ் வந்துவிட்டது.

"சார், நேர்ல பாத்துட்டேன் சார். பாத்துட்டேன். நாம செஞ்சது தப்பு சார். தண்ணி எறங்குன கறை எடது பக்கத்துல இன்னும் ஒரு சாண் கீழ வரணும். மத்ததெல்லாம் கரெக்ட்டு." தண்ணீர் சொட்டும் சத்தத்துக்கு நடுவே குரல் தொடர்ந்தது. "கை துறுதுறுன்னுச்சு சார். பின்னாடி கட்டிக்கிட்டேன்."

அந்த மெசேஜை எத்தனை தடவை கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆபீஸில் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு கௌரவம் இருக்கிறது.

புதுப் பெயிண்டர் வந்துவிட்டார். வேலையில் குறை சொல்ல முடியாது. யாரிடமும் எந்த ஊரைப் பற்றியும் பேசுவதில்லை. வார்னிங் லெட்டர் டைப் செய்ய வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. எனக்குத்தான் அது பிடிக்கவில்லை. அந்த மனிதர் இல்லாத அல் குசைஸ் கொஞ்சம் அதிகமாகவே பளபளப்பாக இருக்கிறது.

போன மாதம் என் ஃபிளாட்டில் ஏசி ஒழுகி, ஹால் சுவரின் இடது பக்கத்தில் ஒரு கறை இறங்கியது. கட்டடத்து வாட்ச்மேன் பெயிண்ட் டப்பாவோடு ஆள் அனுப்பினார். வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டேன். என் மனைவி என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். பார்க்கட்டும். அது இன்னும் ஒரு சாண் கீழே வர வேண்டியிருக்கிறது.