முழு ரேக்கு

அன்று குடோன் வாசலில் இருந்தவர்கள்: மேஸ்திரி நான். என் மச்சான் செல்வராசு. தலையில் துண்டும் கையில் கொக்கியுமாக அறுபது லோடுமேன்கள். டீக் கேனோடு ஒருவர் (நான்தான் வரச் சொன்னேன்). கம்ப்யூட்டர் பிரிவு வித்யா மேடம். ஒரு குட்டியானை வண்டி. அதன் மேல் பீரோ உயரத்தில் ஒரு கறுப்பு இரும்புக் கூண்டு.

ரயில் இல்லை.

தஞ்சாவூரில் மூட்டை தூக்குகிறவனுக்கு ரேக்கு என்றால் ஒன்றுதான். நெல் ஏற்றிப் போகும் கூட்ஸ் வண்டி. முழு ரேக்கு என்றால் நாற்பத்திரண்டு பெட்டி. எனக்கு அதில்தான் சோறு.

ஒரு வாரம் முன்பே மேடம் போன் செய்தார். குடோன் மாடியில் இருக்கும் ஆபீஸில் சர்வரை மாற்றுகிறார்களாம். (எனக்குத் தெரிந்த சர்வர் இட்லி வைப்பவர். யாரை மாற்றினால் எனக்கென்ன.)

"திங்கட்கிழமை காலைல ரேக் வருதுங்க. ஆள் இல்லாம நின்னுடக் கூடாது, அதான் முன்னாடியே சொல்றேன்."

"முழு ரேக்கா, பாதியாம்மா?"

"முழு ரேக்குதாங்க. நாப்பத்திரண்டு யூ."

யூ என்றால் என்னவென்று கேட்டிருக்கலாம். படித்தவர்கள் பேச்சில் அப்படி ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும் என்று விட்டேன். எத்தனை பேர் வேண்டும் என்று அவரே கேட்டார். அதை என்னிடம் விடுங்கள், எத்தனையோ ரேக்கு பார்த்தவன் என்றேன். அவருக்கு நிம்மதி. எனக்குப் பெருமை.

அப்போது சம்பா அறுவடை. என் ஆட்களுக்கு ஒரு கொள்முதல் நிலையத்தில் சீசன் முழுக்க வேலை. திங்கட்கிழமை ஒருவரும் வர மாட்டோம் என்று அங்கே சொல்லிவிட்டேன். ஸ்டேஷனில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்றான் செல்வராசு. மேடத்துக்குத் தெரியாததா ஸ்டேஷனுக்குத் தெரியும் என்றேன்.

மேடம் அறுபது பேரையும் பார்த்தார். கூண்டைப் பார்த்தார்.

"சர்வரை அடுக்குற இந்தக் கூண்டுதாங்க ரேக். யூன்னா அதோட உயரக் கணக்கு. நாலு பேர் போதுமேங்க."

என் ஆட்களில் கோவிந்தன் கொக்கியை இடுப்பில் செருகினான். "ஆளுக்கு ஒரு ஸ்க்ரூ தூக்குவமா, மேஸ்திரி?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

நாலு பேர் கூண்டை மாடிக்கு ஏற்றினார்கள். மற்றவர்கள் டீ குடித்தார்கள். (டீ நன்றாக இருந்தது என்றார்கள். அன்று காதில் விழுந்த நல்ல வார்த்தை அதுதான்.)

மதியம் கொள்முதல் நிலையத்துக்கு ஓடினோம். நெல்லோடு காத்திருந்த விவசாயிகள் சத்தம் போட, வேறொரு மேஸ்திரியின் ஆட்களை இறக்கியிருந்தார்கள். இனி சீசன் முழுக்க அவர்கள்தான் என்றார்கள்.

என் ஆட்களுக்கும் வயிறு இருக்கிறது. ஒவ்வொருவராக அந்த மேஸ்திரியிடம் போனார்கள். கோவிந்தன் மட்டும் சொல்லிவிட்டுப் போனான். "தப்பா எடுத்துக்காதீங்க."

இன்றும் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தால், இறக்க ஆள் சொல்லியாச்சா என்று என் மனைவி உள்ளிருந்து கேட்பாள். செல்வராசு சிரிப்பான். நானும் சிரித்துவைப்பேன்.

இப்போது என்னோடு வேலைக்கு வருகிறவர்கள் ஏழு பேர்.