மாயவனார் கட்டிய ஊதாக் கோவணம்

உலகப் போரின் இருளை நீக்கி அதற்கு வண்ணம் வழங்கிய பெருமை கள்ளக்குறிச்சியையே சேரும். லண்டன்காரர்கள் ஒப்புக்கொள்ளாமல் போகலாம். அவர்கள் ஜெயித்ததோடு சரி.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்தது. சாலையை மறித்தாகிவிட்டது, மறித்த சாலையிலேயே சமைத்துச் சாப்பிட்டும் ஆகிவிட்டது. அரசாங்கம் அசையவில்லை. 'நாம் போர்க்குடி' என்று நிரூபிக்க முடிவெடுத்தார் சாதிச் சங்கத் தலைவர் சுப்புராயன். பழைய போர்ப் படங்களுக்குக் கலர் ஏற்றி ஆவணப்படம் எடுக்கும் பொறுப்பு, கல்யாண வீடியோ எடுக்கும் சிவசங்கரிடம் ஒப்படைக்கப்பட்டது.

சங்கக் கட்டடத்தில் சாரம் கட்டிக்கொண்டிருந்த தர்மன், கம்ப்யூட்டரில் ஓடிய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். பர்மா சேற்றில் பீரங்கி இழுக்கும் கூலிக்காரர்களில் ஒருவர் திரும்பிப் பார்க்கிறார். இடது காது பாதிதான் இருக்கிறது.

"எங்க தாத்தாங்க இது. மாயவன். காதைக் கரடி பிச்சிக்கினு பூடுச்சி. வூட்டுல போட்டோகூட இருக்குது."

தர்மன் கல்வராயன் மலைக்காரன்; சங்கத்துக்காரர்கள் மலைக்குக் கீழே, சமவெளியில் இருக்கும் கீழ்நாட்டுச் சாதி. மகள் சந்திரலேகா நர்சிங் சேரப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். 'பூர்வீகத்துக்கு ஆதாரம் இல்லை' என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். படத்தில் தாத்தாவின் பேரோடு மலையின் பேரும் வந்துவிட்டால் அதைவிட ஆதாரம் ஏது? போட்டுவிடலாம் என்றார் தலைவர். தர்மன் வீட்டுப் போட்டோவையும் கொண்டுவந்து காட்டினான்.

'வண்ண நிர்ணயக் குழு' கூடியது. கம்ப்யூட்டர் தானாகப் போட்ட நிறத்தில், மாயவன் வெள்ளைக்காரத் துரை மாதிரி ரோஸாகப் பீரங்கி இழுத்தார்.

"ரோஸ் ஜாஸ்திப்பா," என்றார் தலைவர். "கோதுமைக்குக் கொண்டா."

"அவரு கறுப்புங்க," என்றான் தர்மன்.

"கறுப்புன்னா முன்னாடி இருந்த படமே போதுமே. கலருக்குன்னு நிதி வசூல் பண்ணிக்கிறோம்ல."

அடுத்து தலைத்துண்டு. அழுக்கேறிய வெள்ளை என்று தர்மன் சொன்னது குறித்துக்கொள்ளப்பட்டது. சங்கக் கொடியில் இருப்பவை பச்சையும் ஊதாவும். ஆகவே துண்டுக்குப் பச்சை, கோவணத்துக்கு ஊதா என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கூலிக்காரர் 'நம் இனத் தளபதி மாயவனார்' ஆனார்.

"தளபதி இன்னாத்துக்குங்க பீரங்கி இழுக்கறாரு?" என்றார் சிவசங்கர்.

"எளிமை," என்றார் தலைவர்.

"மலைப் பேரு போடறன்னீங்களே," என்றான் தர்மன்.

"உலகப் போருப்பா இது. அதுல போயி மலை, காடுன்னுக்கினு. 'நம்' இனம்னு போட்டிருக்குதுல்ல? அதுல நீயுந்தான வர்ற."

படம் மாவட்டத்துச் செல்போன்களில் எல்லாம் ஓடியது. அந்தத் தெம்பில் மகளோடு சான்றிதழ் அலுவலகத்துக்குப் போனான் தர்மன். அதுவரை நிற்கவைத்தே பேசிய அதிகாரி, மாயவனாரின் பேரன் என்றதும் தானே எழுந்து நாற்காலி போட்டார்.

"படம் பாத்தேங்க. கண்ணு கலங்கிடுச்சி. ஆனா தாத்தா கீழ்நாட்டுச் சாதித் தளபதியாச்சே. பேரன் பேத்திங்க மட்டும் எப்படிங்க பழங்குடி ஆவீங்க?"

சந்திரலேகா பையிலிருந்து பழைய போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நெசமான படம் இதுதாங்க சார். கலரு அவங்க பூசுனது."

அதிகாரி அதை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல கலரே இல்லியேம்மா. எந்தச் சாதின்னு எதை வெச்சிச் சொல்றது?"